பைத்துல் கலா வீட்டுக்குள் வந்த வரலாறு

இஸ்லாத்தின் எதிரிகள் ஒருநாள் ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களைப் பார்த்துக் கேலி பேசினார்கள். மலஜலம் கழிப்பதைக்கூடவா உங்கள் நபி உங்களுக்குக் கற்றுத் தருகிறார் என்பது அவர்களது ஏளனம். ஸல்மான் (ரலி) அவர்கள் வெட்கப்படவுமில்லை, பேச்சை மாற்றவுமில்லை. ஆம் என்றே ஒப்புக்கொண்டார்கள். கிப்லாவை முன்னோக்கி அமரலாகாது, வலக்கையால் சுத்தம் செய்யலாகாது, மூன்று கற்களுக்குக் குறையலாகாது, சாணத்தாலும் எலும்பாலும் சுத்தம் செய்யலாகாது என்று, கற்றதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இந்தச் செய்தி பதிவாகியிருக்கிறது.

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அருவருப்பானது என்று ஏட்டைப் புரட்ட நினைக்கும் வாசகர்களுக்கு இதையே முகவுரையாக வைக்கிறோம். ஃபிக்ஹுக் கிதாபுகளைத் திறந்தால் முதல் பாடம் தஹாரத். அந்தப் பாடத்துக்குள் இஸ்தின்ஜா வந்துவிடுகிறது. மத்ரஸாவில் அதை ஓதிய நாம், இஸ்தின்ஜா செய்யும் அந்த இடம் எப்படி உண்டானது, நம் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் அது எவ்வழியாக வந்தது, வந்தபோது யார் தலையில் ஏறி வந்தது என்பதை யாரும் சொல்லக் கேட்டதில்லை.

பெயர்களிலேயே ஒளிந்திருப்பது

கழிப்பிடத்துக்கு அரபியில் வழங்கும் சொற்களைக் கவனியுங்கள். 'கலா' என்றால் ஆளில்லாத வெற்றிடம். 'ஃகாயித்' என்றால் தாழ்வான நிலம், பள்ளம். திருக்குர்ஆன் தயம்மும் பற்றிக் கூறும் இடங்களில், அன்னிஸா 43ஆம் வசனத்திலும் அல்மாயிதா 6ஆம் வசனத்திலும், இச்சொல்தான் வருகிறது. பள்ளத்திலிருந்து வருவது என்று நாசூக்காகச் சொல்லி விஷயத்தைப் புரியவைக்கிறது. 'ஹஷ்ஷ்' என்றால் பேரீச்சந்தோட்டம். தோட்டத்துக்குப் போவது என்பது நாளடைவில் கழிப்பிடத்துக்குப் போவது என்றாகிவிட்டது.

நம் தமிழும் அச்சாக இதே பாதையில்தான் நடந்திருக்கிறது. வெளிக்குப் போவது, காட்டுக்குப் போவது, கொல்லைக்குப் போவது. கொல்லை என்பதும் தோட்டந்தான். அரபியும் தமிழும் ஒன்றிடம் ஒன்று கடன் வாங்காமலேயே ஒரே நாசூக்கைக் கண்டுபிடித்திருக்கின்றன. இரண்டு நாட்டிலும் ஆதியில் கழிப்பிடம் என்று ஒரு கட்டடம் கிடையாது, வெளியும் பள்ளமும் தோட்டமுந்தான் உண்டு என்பதற்கு இந்தச் சொற்களே சாட்சி.

கட்டடத்துக்கென்று வந்த முதற்சொல் 'கனீஃப்'. மறைப்பு, அடைப்பு என்பது அதன் பொருள். நாம் 'கக்கூஸ்' என்கிறோம். அது தமிழ்ச் சொல்லன்று. நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் இலங்கையிலும் கோட்டை கட்டி வாணிபம் செய்த டச்சுக்காரர்களின் மொழியிலிருந்து வந்தது. மறைப்புக் கட்டிய கழிப்பிடத்துக்கு நம்மிடம் நாவில் நிலைத்த சொந்தப் பெயர் இல்லாமல், அந்நியர் பெயரை வாங்கி வழங்கினோம் என்பதிலும் ஒரு வரலாறு இருக்கிறது.

மதீனாவில் நடந்த மாற்றம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே, அவர்களது கண்முன்னே, இந்த மாற்றம் மதீனாவில் நடந்தேறியது. அதற்குச் சாட்சி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். அவர்கள்மீது முனாஃபிக்குகள் அவதூறு கட்டிய நிகழ்ச்சியை விவரிக்கும் நீண்ட ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. ஹிஜ்ரி 5 அல்லது 6ஆம் ஆண்டில் நடந்தது. அந்த அவதூறு அன்னையாரின் செவிக்கு எட்டியது எங்கே? உம்மு மிஸ்தஹ் (ரலி) அவர்களுடன் இரவில் மனாஸிஃ என்னும் வெளிக்குப் போய்வந்த வழியில்தான்.

அந்த இடத்தில் அன்னையார் போகிறபோக்கில் ஒரு விவரத்தைத் தருகிறார்கள். வீடுகளுக்கு அருகில் கழிப்பிடங்கள் அமைப்பதற்கு முந்திய காலம் அது என்கிறார்கள். பெண்கள் ஓர் இரவு போனால் அடுத்து மறு இரவுதான் போவார்களாம். வீட்டருகே கழிப்பிடம் வைத்துக்கொள்வதை அக்கால அரபியர் தொல்லையாகக் கருதி வெறுத்தார்களாம்.

இதைப் படிக்கும்போது நமக்குச் சின்னமனூரும் கூடலூரும் கோம்பையும் நினைவுக்கு வராமல் இருக்குமா? சமைத்துச் சாப்பிடும் வீட்டுக்குள்ளா கக்கூஸ் கட்டுவது என்று முகம் சுளித்த பெரியவர்களை நாம் பார்த்ததில்லையா? 1,400 ஆண்டுகளுக்கு முன் மதீனாவில் எழுந்த அதே ஆட்சேபணை, அதே சொற்களில் நம் திண்ணைகளிலும் எழுந்தது. மதீனத்து மக்கள் சில ஆண்டுகளில் அதை விட்டுவிட்டார்கள்.

அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் இரவில் வெளிக்குப் புறப்பட்டபோது உமர் (ரலி) அவர்கள் அடையாளங் கண்டுகொண்டு பேசிய செய்தியும் புகாரியில் உண்டு. அன்னையார் திரும்பிவந்து முறையிட்டார்கள். தேவைக்காகப் பெண்கள் வெளியே செல்ல அனுமதி உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் தெரிவித்தார்கள். கழிப்பிடம் வீட்டில் இல்லாத ஊரில் பெண்ணைப் பூட்டி வைத்தல் ஆகாது என்பது இதில் தெளிவு.

பின்பு கனீஃப் வந்தது. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஏதோ வேலையாகத் தம் சகோதரி ஹஃப்ஸா (ரலி) அவர்களின் வீட்டுக் கூரைமேல் ஏறியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டு பச்சைச் செங்கற்களின்மீது பைத்துல் முகத்தஸின் பக்கம் முகம் வைத்து அமர்ந்திருந்ததை எதிர்பாராமல் காண நேர்ந்தது என்று அறிவித்திருக்கிறார்கள். சுடாத செங்கல் இரண்டு; அவ்வளவே சாதனம். நோயாளிகளுக்கும் முதியோருக்கும் இன்னொரு செய்தி பயன்படும்: நாயகம் (ஸல்) அவர்களின் கட்டிலுக்கடியில் பேரீச்ச மரத்தில் குடைந்த பாத்திரம் ஒன்று இருந்தது, இரவில் சிறுநீர் கழிக்க அதைப் பயன்படுத்தினார்கள் என்று அபூதாவூதிலும் நஸாயீயிலும் வருகிறது. படுக்கையில் கிடக்கும் தாய் தகப்பனுக்குப் பாத்திரம் வைக்க முகஞ்சுளிக்கும் பிள்ளைகள் இதை அறிந்து வைத்திருக்கட்டும்.

முஸ்லிம்கள் ஷாம் தேசத்தை வென்று உள்ளே போனபோது அங்கே ரோமானியர் காலத்து நாகரிகத்தில் கட்டிய கழிப்பிடங்கள் ஏற்கெனவே இருந்தன. அவை கஃபாவை நோக்கி அமைந்திருந்ததாகவும், அதில் தாங்கள் திரும்பி உட்கார்ந்து, அல்லாஹ்விடம் பிழைபொறுக்கத் தேடியதாகவும் அபூஅய்யூப் அன்ஸாரீ (ரலி) அவர்கள் சொல்கிறார்கள். இந்த அறிவிப்பையும் இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பையும் அருகருகே வைத்துத்தான் மத்ஹபுகள் பிரிந்தன. திறந்தவெளியாயினும் நான்கு சுவருக்குள்ளாயினும் கிப்லாவை முன்னோக்குவதும் பின்னோக்குவதும் கூடாது என்பது ஹனஃபீ மத்ஹபு. கட்டடத்துக்குள் குற்றமில்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபு. நம் பள்ளத்தாக்கின் ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபீகள். கிப்லா நமக்கு மேற்கே, சற்றே வடக்குச் சாய்ந்து இருக்கிறது. ஆகவே கொத்தனார் பீங்கான் கோப்பையைப் பதிக்கும் முன்பே அது வடக்குத் தெற்காக அமையும்படி சொல்லிவிட வேண்டும். பதித்தபிறகு உடைத்துத் திருப்பியவர்கள் பலர்.

மற்ற நாடுகளில்

உலகத்தில் முதன்முதல் கழிப்பிடம் கட்டியவர்கள் என்று ஐரோப்பியரைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. சிந்து நதிக்கரையின் மொஹஞ்சதாரோவில், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே, வீட்டுக் கழிப்பிடத்திலிருந்து தெருச் சாக்கடைக்குச் செங்கல் வாய்க்கால் கட்டியிருந்தார்கள். ரோமானியர் நீண்ட கல்பலகையில் வரிசையாகத் துளையிட்டு, மறைப்பின்றிப் பலர் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நம் ஹயாவுக்கு ஒவ்வாத முறை அது.

எகிப்தின் பழைய நகரான ஃபுஸ்தாத்தில் 1912இல் தொடங்கிய அகழ்வில், வீடுதோறும் கழிப்பிடமும் அதற்கான குழிகளும் வெளிப்பட்டன. ஆனால் 11ஆம் நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்த மருத்துவர் இப்னு ரிள்வான், கழிப்பிடக் கழிவை நைல் நதியில் விட்டு அதே நீரை மக்கள் குடிக்கிறார்களே என்று வருந்தி எழுதியிருக்கிறார். வீட்டைச் சுத்தமாக்கி ஆற்றை அசுத்தமாக்குவது நம் காலத்துப் புதுவழக்கமல்ல. அதே நகரில் ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் பெரும் பள்ளிவாசல் எழுப்பிய இப்னு தூலூன், ஒளூச் செய்யுமிடத்தையும் கழிப்பிடத்தையும் பள்ளிக்குள் வைக்காமல் பின்புறம் தனியே கட்டினார். மக்கள் குறை கூறியதற்கு, அங்கு சேரும் அசுத்தத்தை எண்ணியே விலக்கினேன் என்று பதிலளித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

இன்றைய கோப்பைக்கு அடியில் இருக்கும் வளைகுழாய்க்கு 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் உரிமம் பெற்றார். வளைவில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும்; அவ்வளவுதான் சூத்திரம். இந்தச் சிறு வளைவு இல்லாவிட்டால் கழிப்பிடம் ஒருநாளும் வீட்டுக்குள் வந்திருக்காது. கக்கூஸ் கட்டுவதை வெறுத்த பெரியவர்கள் வெறுத்தது நாற்றத்தைத்தான், இடத்தையல்ல.

நம் பள்ளத்தாக்கில்

இனி நம் ஊருக்கு வருவோம். 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து மலையைக் குடைந்து தண்ணீர் கிழக்கே திரும்பியதும் கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்வே மாறியது. லோயர் கேம்ப் முதல் பழனிச்செட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நஞ்சையாயிற்று. கூடலூரும் கம்பமும் உத்தமபாளையமும் சின்னமனூரும் அந்தத் தண்ணீரைச் சார்ந்து வளர்ந்தன. தேனிக்கு அப்பால் அந்நீர் வைகையில் சேர்ந்து, 1959இல் கட்டிய வைகை அணையில் தேங்கி, மதுரை மாநகரின் குடிநீராகிறது. நம் ஊர் ஆற்றங்கரையில் ஒருவர் உட்கார்ந்து எழுந்தால், அது அவரோடு முடிகிற காரியமல்ல.

ஆயினும் ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, கம்மாய்க்கரை, ஓடை, மந்தை இவைதான் நெடுங்காலம் நமக்குக் கழிப்பிடம். தண்ணீர் எடுக்கும் துறை, மக்கள் நடக்கும் பாதை, ஒதுங்கும் நிழல் ஆகிய மூன்றிலும் மலஜலம் கழிப்பது சாபத்துக்குரிய செயல் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை முஆத் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நம் ஊர்களில் அந்த மூன்றும் ஒரே இடத்தில் அமைந்திருந்தன. வாய்க்கால் கரையே பாதை, கரையோர மரமே நிழல், அதன் படிக்கட்டே துறை.

ஆண்களுக்கு இது பழகிப்போயிற்று. பெண்களின் பாடுதான் பாடு. விடியுமுன் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை. இடையில் பகல் முழுவதும் அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். நீர்க்கடுப்பும் வயிற்றுநோயும் வந்தன. மலஜலத்தை அடக்கிக்கொண்டு தொழுவது கூடாது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. அப்படியானால் லுஹரையும் அஸரையும் நம் தாய்மார்கள் எந்த நிலையில் தொழுதார்கள்? பெண்களுக்கு இபாதத்தில் பேணுதல் போதாது என்று பயானில் குறைசொன்ன நாம், அவர்களுக்கு ஒதுங்க ஓரிடம் இருக்கிறதா என்று கேட்டோமா?

கோஷாவைக் கண்டிப்பாகப் பேணிய வசதியான வீடுகளில் மட்டும் வேறு ஏற்பாடு இருந்தது. அதற்குப் பெயர் எடுப்புக் கக்கூஸ். தமிழ்நாட்டின் நகராட்சி ஊர்களிலெல்லாம் பரவலாக இருந்த முறை அது. வீட்டின் பின்கட்டில் உயரமான மேடை, மேடையில் துளை, துளைக்கடியில் தகரமோ கூடையோ சட்டியோ. பின்சுவரில் சந்துப்பக்கம் ஒரு சின்னத் தகரக்கதவு. விடியற்காலையில் சந்து வழியாக வருபவர் அந்தக் கதவைத் திறந்து, சாம்பலைத் தூவித் தகரத்தால் வழித்து எடுத்து, வாளியிலோ கூடையிலோ சேர்த்துத் தலையில் சுமந்து போவார். பிற்பாடு தள்ளுவண்டி வந்தது. மழைக்காலத்தில் அது அவர் தலையிலும் முகத்திலும் வடிந்தது. அந்த வேலைக்கு என்றே ஒரு சாதியை ஒதுக்கியிருந்தார்கள். நம் பக்கம் பெரும்பாலும் அருந்ததியர்.

கோஷா காத்த வீட்டுக்கும் முன்வாசல் ஒன்று, பின்சந்து ஒன்று. பின்சந்து வழியாக வந்த பெண்ணுக்குக் கோஷா உண்டா, ஹயா உண்டா என்று நம் வீடுகளில் கேள்வி எழவில்லை. நமது தஹாரத்துக்கு அவள் நஜீஸைச் சுமந்தாள். அவள் கையில் கூலியை மேலேயிருந்து போட்ட கைகளும் நம்மிடம் இருந்தன. சாதி நமக்கில்லை என்று மேடையில் சொல்லும்போது இந்தத் தகரக்கதவையும் நினைத்துக்கொள்ள வேண்டும். கிதாபுகளைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. எனினும் நிகாஹில் சமநிலை பேசுமிடத்தில் தெரு கூட்டுபவரின் தொழிலைத் தாழ்ந்த தொழிலாக ஃபுகஹாக்கள் எண்ணியிருப்பதையும் மறைப்பதற்கில்லை. அது அவர்கள் காலத்து ஊர்வழக்கைப் பார்த்துச் சொன்னது. நாயகம் (ஸல்) அவர்களின் நடைமுறை நமக்கு முன்னால் இருக்கிறது. மஸ்ஜிதுந் நபவீயைக் கூட்டிய பெண்மணியைக் காணாமல் விசாரித்தார்கள். இறந்துவிட்டார், சின்ன விஷயமென்று தங்களுக்குச் சொல்லவில்லை என்ற பதில் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, கப்று எங்கே என்று வினவி, அங்கே போய்த் தொழுகை நடத்தினார்கள்.

சட்டமும் தொட்டியும்

இந்தக் கொடுமையை ஒழிக்கச் சுதந்திரத்துக்குப் பின் யோசனைகள் நடந்தன. 1957இல் என். ஆர். மல்கானி தலைமையில் அமைந்த குழு 1960இல் அறிக்கை தந்தது. தலைச்சுமையை நிறுத்தவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 1950களின் பிற்பாதியில் சென்னைக்கு அருகே பூந்தமல்லியிலும், வங்காளத்தின் சிங்கூரிலும், டெல்லியை அடுத்த நஜஃப்கரிலும் ஆராய்ச்சி நடத்தி, கிராமத்தாருக்கு ஏற்ற, கையால் தண்ணீர் ஊற்றும் நீரடைப்புக் கழிப்பிடத்தை வடிவமைத்தார்கள். சரிவான கோப்பை, சிறிய வளைவு, ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். 1970இல் பிந்தேஷ்வர் பாடக் பாட்னாவில் தொடங்கிய சுலப் இயக்கம் இரட்டைக் குழி முறையை நாடெங்கும் கொண்டுபோனது. அவர் 2023இல் காலமானார். காகிதத்தால் துடைக்கும் நாட்டில் இந்த முறை எடுபட்டிருக்காது. தண்ணீரால் இஸ்தின்ஜா செய்பவனுக்குக் கையில் சொம்பு எப்படியும் இருக்கிறது.

எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் மனிதரைக்கொண்டு மலம் அள்ளுவதையும் தடைசெய்யும் சட்டம் 1993இல் வந்தது. அது நடைமுறையில் போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. இடையில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, நாட்டில் ஏறத்தாழ 7.94 லட்சம் வீடுகளில் மனிதர்தான் மலம் அள்ளுகிறார் என்று காட்டியது. அதே கணக்கில் தமிழ்நாட்டு வீடுகளில் 48.3 விழுக்காட்டுக்குத்தான் சொந்த வளாகத்தில் கழிப்பிடம் இருந்தது. 2001க்குப் பிறகு ஊராட்சிகளில் கட்டிய மகளிர் சுகாதார வளாகங்களும், 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டமும் நிலைமையை வெகுவாக மாற்றியிருக்கின்றன. 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த தேனி மாவட்டத்தின் ஊர்களிலும் இன்று மந்தைக்குப் போகும் தலைமுறை அருகிவருகிறது.

சுமை தலையிலிருந்து இறங்கியதா என்றால், பாதிதான் இறங்கியது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் வந்தது. தொட்டி நிறைந்ததும் உள்ளே இறங்க ஆள் தேடினார்கள். நிறம் தெரியாத விஷவாயு, முதலில் அழுகிய முட்டை நாற்றமாக வந்து, மிகும்போது மூக்கை மரக்கவைத்து, ஒரே மூச்சில் ஆளை வீழ்த்தும். தூக்கப் போனவரும் வீழ்வார். 2014 மார்ச் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையிலும் தொட்டியிலும் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கும்படி தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. மனிதரை இறக்கினால் தண்டனை, இயந்திர வண்டியைத்தான் அழைக்க வேண்டும் என்பது சட்டம். பிறருக்குக் கேடு செய்வதில்லை என்னும் ஷரீஅத்தின் பொதுவிதி இச்சட்டத்துக்கு முந்தியது. நம் பள்ளிவாசல் தொட்டிகளைச் சுத்தம் செய்யும்போதும் முத்தவல்லிமார்கள் கூலி குறைகிறதே என்று பாராமல் வண்டியையே வரவழைக்க வேண்டும். ஒரு மனிதனை அனுப்பிச் சுத்தமாக்கிய தொட்டியின்மேல் நின்று செய்த ஒளுவைப் பற்றி நாளை கேள்வி வராது என்று யார் உறுதி சொல்வது?

கிணறும் குழியும்

கழிப்பிடம் வீட்டுக்குள் வந்ததும் உடன் வந்த இன்னொரு கேள்வி கிணறு. ஹனஃபீ ஃபுகஹாக்கள் இதை நுணுக்கமாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே எத்தனை முழம் என்பதில் ஐந்து என்றும் ஏழு என்றும் சொற்கள் உண்டு. முடிவாக அவர்கள் சொன்னது, முழக்கணக்கு அளவுகோலன்று. மண்ணின் இறுக்கத்தையும் இளக்கத்தையும் பொறுத்து அது மாறும். அசுத்தத்தின் அடையாளம் கிணற்றில் வெளிப்படாத தூரமே தூரம் என்பதுதான். அடையாளம் என்றால் ருசி, நிறம், வாடை.

இதை லண்டனில் 1854இல் நடந்த ஒரு சம்பவத்துடன் சேர்த்துப் பார்ப்போம். பிராட் தெருவில் ஓர் அடிகுழாய். அதன் தண்ணீர் ருசியானது என்று பெயர்பெற்றிருந்தது. தெருவை விட்டுக் குடிபெயர்ந்த மூதாட்டி ஒருவர், ருசிக்காகவே நாள்தோறும் அந்தத் தண்ணீரைத் தருவித்துக் குடித்தார். அந்தக் கோடையில் அப்பகுதியில் காலரா பரவி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அந்த மூதாட்டியும் மாண்டார். மருத்துவர் ஜான் ஸ்னோ சாவுகளைத் தெருவாரியாகக் கணக்கெடுத்து, அடிகுழாயே காரணமென்று காட்டி, அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். பிறகு தோண்டிப் பார்த்தபோது, கிணற்றிலிருந்து சுமார் மூன்றடி தூரத்தில் ஒரு வீட்டுக் கழிவுக்குழி கசிந்துகொண்டிருந்தது தெரியவந்தது.

ருசி கெடவில்லை, மக்கள் செத்தார்கள். அடையாளம் எட்டக்கூடாது என்ற ஃபுகஹாக்களின் விதியில் பிழையில்லை. அடையாளத்தைக் கண்டறியும் கருவி அவர்களிடம் நாவும் கண்ணும் மூக்குந்தான் இருந்தன. இன்று பரிசோதனைச் சாலை இருக்கிறது. தொழுகைக்குத் தண்ணீர் தாஹிரா என்பது ஒரு கேள்வி, குடித்தால் பிள்ளைக்கு நோய் வருமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கிதாபு போதும், இரண்டாவதற்குப் போதாது. பொறியாளர்கள் பொதுவாக 10 மீட்டர் இடைவெளியாவது கேட்கிறார்கள். நம் பள்ளத்தாக்கில் வாய்க்கால் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலேறி வருவதால், ஆற்றோர மணற்பாங்கில் குழி தோண்டுவோர் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். தொட்டியின் வடிகுழாயை வாய்க்காலில் விட்டுவிட்டு, ஓடும் தண்ணீர் நஜீஸாகாது என்று மஸ்அலா பேசுகிறவர்களுக்கு ஒரு சொல்: அந்த மஸ்அலா ஒளுச் செய்பவனுக்கு வசதி தருவதற்காகச் சொல்லப்பட்டது. கழிவை விடுபவனுக்கு அதில் அனுமதி இல்லை. ஓடும் நீரில் சிறுநீர் கழிப்பதையே மக்ரூஹ் என்றார்கள்.

குழி மண்ணாகும்போது

இரட்டைக் குழி முறையைப் பற்றி அடிக்கடி எழும் சந்தேகத்தையும் இங்கே சேர்த்துக்கொள்வோம். ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமும் ஆழமுமாக இரண்டு குழிகள். அடியில் சிமெண்டு பூசுவதில்லை, சுற்றுச்சுவரில் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்குவார்கள். ஒன்று நிறையச் சில ஆண்டுகள் ஆகும். நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதற்குத் திருப்புவார்கள். மூடிய குழியில் தண்ணீர் மண்ணில் வடிந்து, இரண்டு ஆண்டில் கிருமிகளும் புழுமுட்டைகளும் மடிந்து, நாற்றமில்லாத கறுப்பு மண் மிஞ்சும். அதை மண்வெட்டியால் வாரலாம்; யாரும் விஷவாயுவில் இறங்க வேண்டியதில்லை, யார் தலையிலும் ஏற்ற வேண்டியதில்லை. செப்டிக் டேங்கைவிட இதையே நாம் விரும்பிச் சொல்வதற்குக் காரணம் அதுதான். ஆனால் குழிகளுக்கு நடுவே இடைவெளியும், கிணற்றுக்கு உரிய தூரமும் வேண்டும். நெருக்கமான தெருவீடுகளுக்கு இது ஏற்காது.

அந்தக் கறுப்பு மண் நஜீஸா? ஔரங்கசீப் காலத்தில் தொகுத்த ஃபதாவா ஆலம்கீரியில் இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நேரடியாகவே பதில் இருக்கிறது. உப்பளத்தில் விழுந்த கழுதை உப்பாகிவிட்டால் அது உப்புதான். கழிவுக்குழி மண்ணாகிவிட்டால் அது சுத்தமாகிவிடும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோரின் சொல். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) மாறுபடுகிறார்கள். சாணமும் மலமும் எரிந்து சாம்பலாகிவிட்டால் சுத்தமென்னும் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் சொல்லின்மீதே ஃபத்வா இருப்பதால், நம்மவர்கள் அந்த மண்ணைத் தயங்காமல் எடுத்துத் தென்னைக்கும் வாழைக்கும் போடலாம். மலத்தை அப்படியே விற்பது மக்ரூஹ். மண்ணோடு கலந்து மண்ணின் தன்மை மேலோங்கியிருந்தால் விற்பதும் ஆகும்.

ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோருக்கு மஸ்அலா வேறு. இவ்வாறு மாறியதால் நஜீஸ் சுத்தமாவதை அவர்கள் ஏற்பதில்லை. அவர்களும் அதைப் பயிருக்கு உரமாகப் போடலாம், மக்ரூஹ் உண்டு; அதில் விளைந்த காய்கனி ஹலால். மண் ஈரமாக இருக்கும்போது கையிலோ ஆடையிலோ பட்டால், தொழுமுன் அந்த இடத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும்.